ஞாயிற்றுக்கிழமை கரண்ட்

சைலஸ் அண்ணனைப் பற்றி யாராவது "பாவம், அமைதியான மனுஷன்" என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அமைதியாவது மண்ணாவது. அவருக்குத் தூக்கம் போதவில்லை, அவ்வளவுதான். பதினெட்டு வருஷமாக விடிவதற்கு முன் ஊரிகம் ஸ்டேஷனில் ஏறி, பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு, ஊர் அடங்கிய பிறகு அதே ஸ்டேஷனில் இறங்குகிறவருக்குப் பேச எங்கிருந்து தெம்பு வரும்?

நான் அன்புச்செல்வி. பெங்களூரில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷனிஸ்ட். மாரிகுப்பத்தில் வண்டி கிளம்பும்போதே ஏறி, ஜன்னலோர சீட்டில் என் சாப்பாட்டுப் பையைப் போட்டு அண்ணனுக்கு இடம் பிடித்து வைப்பேன். எவனாவது பையை நகர்த்தினால், நான் விடுகிற டோஸில் அடுத்த பெட்டிக்கே போய்விடுவான். எதிர் சீட்டில் தாமோதரன். கம்ப்யூட்டர் பார்ட்ஸ் விற்கிற கடையில் வேலை, வாய் மூடவே மூடாது. எங்கள் மூன்று பேருக்கும் சொந்த வீட்டைவிட அந்தப் பெட்டிதான் பழக்கம்.

அண்ணன் வேலை பார்க்கிற கம்பெனியில், இன்னும் கட்டாத அபார்ட்மெண்டைக் கட்டி முடித்ததுபோலக் கம்ப்யூட்டரில் படம் செய்து கொடுப்பார்கள். பால்கனியில் பூந்தொட்டி, தரையில் காலை வெயில் என்று எல்லாம் நிஜம்போல இருக்கும். வெயில் விழவைப்பதில் அண்ணன் கெட்டிக்காரர். ஒருநாள் மாலூர் தாண்டும்போது, "யார் யார் ஊட்டுக்கோ வெயில் போட்டுத் தர்றேன்மா. என் ஊட்ல வெயில் எங்க வுழுதுன்னு எனக்குத் தெரியாது" என்றார். ஞாயிறு ஒருநாள் வீட்டில் இருந்தாலும் பாதி நாள் சர்ச்சிலும் மீதி நாள் தூக்கத்திலும் போய்விடும். எனக்கு அன்றைக்கு இட்லி இறங்கவில்லை.

போன வருஷம் அவருடைய முதலாளி ஒரு வழி சொன்னார். இந்தப் படங்களைச் செய்து முடிக்க, நாலு கிராபிக்ஸ் கார்டு போட்ட பெரிய மெஷின் வேண்டும். அதே மாதிரி ஒன்றை வீட்டில் வைத்துக்கொண்டு, மத்தியானத்துக்கு மேல் கேட்கிற படத்தை ராத்திரி ஒன்பது மணிக்குள் அனுப்பினால் ஆபீசுக்கு வரவே வேண்டாமாம். ட்ரெயினை விட்டு இறங்க அவருக்குக் கிடைத்த ஒரே கதவு அது.

கார்டுகள் பழசாகக் கிடைத்தன. யாரோ பிட்காயின் மாதிரி எதற்கோ ஓட்டிவிட்டு விற்றதாம், அதற்குப் பெயரும் மைனிங்காம். எங்கள் ஊரில் தங்க மைன்ஸ் மூடிய கதையை வைத்து தாமோதரன் ஒரு வாரம் அவரைக் கிண்டல் செய்தான். எஸ்.எம்.பி.எஸ். பேச்சு வந்தபோதுதான் கிண்டலை நிறுத்தினான். வீட்டுக் கரண்டை வாங்கி, மெஷினுக்குள் இருக்கிற ஒவ்வொன்றுக்கும் பிரித்துக் கொடுக்கிற இரும்புப் பெட்டிக்கு அதுதான் பெயர். அது சரியில்லை என்றால் நாலு கார்டும் கருகிப்போகும் என்றான்.

பல நாள் வண்டியில் வேறு பேச்சே கிடையாது. ஒரு கார்டுக்கு முந்நூற்றைம்பது வாட். நாலு கார்டும் மற்ற சாமான்களும் சேர்த்தால் ஆயிரத்து எழுநூறு. கார்டுகள் சில நேரம் கண்ணிமைக்கிற நேரத்துக்கு இன்னும் அதிகமாக இழுக்குமாம், அதற்கும் இடம் விட வேண்டுமாம். சின்னதாக இரண்டு பெட்டி வாங்கிச் சேர்த்துக் கட்டலாம் என்றான் தாமோதரன். ஒன்று முந்தி ஒன்று பிந்தி ஆன் ஆனால் கார்டு போய்விடும் என்று அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரே கேபிளில் இரண்டு கார்டை மாட்டுகிற வேலையும் கூடாது, ஒவ்வொன்றுக்கும் தனி கேபிள் வேண்டும் என்றார். இந்த மனுஷன் கல்யாணத்துக்குப் பெண் பார்த்தபோதுகூட இவ்வளவு யோசித்திருக்க மாட்டார்.

கடைசியில் இரண்டாயிரம் வாட்டில் ஒரே பெட்டி என்று முடிவானது. அதிலும் தாமோதரன் ஒரு கொக்கி போட்டான். அந்தச் சைஸ் பெட்டிக்கு இருநூறு வோல்ட்டுக்கு மேல் வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் தானாகவே நின்றுவிடும்.

"ஊட்ல வோல்டேஜ் எவ்ளோ கீதுன்னு பாத்துட்டு சொல்லுங்க அண்ணா. அப்புறம் எடுக்கலாம்" என்றான்.

அண்ணனுக்கு வீட்டில் இருக்கிற நேரம் எது? ஞாயிறு காலை. ஐடா அண்ணியைச் சர்ச்சுக்கு அனுப்பிவிட்டு வோல்ட் மீட்டரை வைத்துப் பார்த்தார். இருநூற்று இருபத்தெட்டு. பெட்டியை வாங்கி, வாசல் கரண்ட் மீட்டரிலிருந்து ப்ளக்குக்குத் தடித்த வயர் இழுத்து, அடுத்த ஞாயிறு காலையும் சர்ச்சுக்குப் போகாமல் மெஷினை ஓட்டினார். நாலு கார்டும் ஓடின. ஒரு படம் முழுசாக முடிந்தது. முதலாளிக்கு அனுப்பினார், எனக்கும் அனுப்பினார். நான் கண்ணை மூடிக்கொண்டு எங்கள் வீட்டுப் புத்தரைக் கும்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை ட்ரெயின் பெட்டியில் அவருக்கு வழியனுப்பு விழா. பிளம் கேக்கை தாமோதரன் ஸ்க்ரூ டிரைவரால் வெட்டினான், கத்தி மறந்துவிட்டானாம். சீசன் டிக்கெட்டை இனிமேல் எடுக்கப் போவதில்லை என்று அண்ணன் சொன்னபோது பெட்டியே கை தட்டியது. நானும் சிரித்துக்கொண்டே கை தட்டினேன். யார் பக்கத்தில் உட்கார்ந்து இனி நான் சண்டை போடுவது?

திங்கட்கிழமை மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் போட்டேன். வெயில் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"பாத்தேன்மா. அடுப்படி ஜன்னல்ல வந்து வுழுது. ஐடா அங்கதான் அரிசி பொடைக்கறா" என்றார். அவர் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அது மத்தியானம். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் மெஷின் பொத்தென்று அணைந்தது. மறுபடி போட்டார், மறுபடி அணைந்தது. அனுப்ப வேண்டிய படம் பாதியில் போனது. மீட்டரை வைத்துப் பார்த்தால் நூற்று எழுபது. ஐடா அண்ணி அடுப்படியிலிருந்து வந்து பார்த்தாராம்.

"ஆறு மணி ஆனா நம்ம லைன்ல டியூப்லைட்டே ஒழுங்கா எரியாது. எல்லா ஊட்லயும் மிக்சி, ஹீட்டர், டிவி. எனக்குத் தெரியுமே. நீங்க எங்க கேட்டீங்க?" என்றார்.

மைன்ஸ் ஆட்களுக்கு வரிசையாகக் கட்டின அந்த லைன் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டினவை. எல்லாவற்றுக்கும் ஒரே கம்பத்திலிருந்து வருகிற பழைய வயர், அண்ணன் வீடு கடைசி. ஞாயிறு காலை லைனே சர்ச்சுக்குப் போய்விடும், கரண்ட் இழுக்க ஆள் இருக்காது. அண்ணன் பார்த்த இருநூற்று இருபத்தெட்டு அந்தக் காலி வீடுகளின் கணக்கு. மற்ற நாட்களில் தன் வீட்டில் கரண்ட் எப்படி வரும் என்பது, பதினெட்டு வருஷம் இருட்டில் போய் இருட்டில் வந்தவருக்குத் தெரியாது. அந்த ட்ரெயின் இறங்கின பிறகும் அவரை விடவில்லை.

தனியாகப் பெரிய கரண்ட் கனெக்ஷன் கேட்கலாமே என்றால், அதற்கு வீட்டுப் பத்திரம் வேண்டும். வீடு அவருடைய அப்பாவுக்கு மைன்ஸ் காலத்தில் குடியிருக்கக் கொடுத்தது, இன்னும் யார் பெயருக்கும் மாறவில்லை. ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகு ஓட்டலாமே என்றேன். படம் ஒன்பது மணிக்குள் போக வேண்டுமே என்றார். பெரிய ஸ்டெபிலைசர் ஒன்று வாங்கி மாட்டினார். மெஷின் நிற்காமல் ஓடியது. அடுத்த நாள் சாயங்காலம் பக்கத்து வீட்டு வெங்கடம்மா வாசலில் வந்து நின்றார்.

வெங்கடம்மாவின் வீட்டுக்காரர் தங்கவேலு அந்தக் காலத்தில் மைன்ஸ் அண்டர்கிரவுண்டில் வேலை பார்த்தவர். தூசி நெஞ்சில் தங்கிவிட்டது. ஆக்சிஜன் மெஷின் வைத்துத்தான் மூச்சு. சுவர் ஒட்டின வீடு என்பதால் அந்த மெஷின் உஸ் உஸ் என்று இழுப்பது அண்ணன் வீட்டில் நன்றாகக் கேட்கும். அன்றைக்கு அது இழுப்பதை நிறுத்திவிட்டுக் கீ கீ என்று கத்திக்கொண்டிருந்தது. ஸ்டெபிலைசர் அண்ணன் வீட்டு வோல்டேஜைத் தூக்கிக் கொடுக்கக் கொடுக்க, வயரில் மிச்சம் இருந்ததையும் இழுத்துவிட்டது.

வெங்கடம்மாவுக்கு அது தெரியாது. சண்டைக்கும் வரவில்லை.

"உங்க ஊட்ல கரண்ட் நல்லா கீதாப்பா? அவரோட மெஷினை இங்க கொண்டாந்து சொருகிக்கட்டுமா?" என்று கேட்டார்.

அண்ணன் உள்ளே போய் ப்ளக்கைப் பிடுங்கினார். சுவருக்கு அந்தப் பக்கம் கத்தல் நின்று, உஸ் உஸ் திரும்ப வரும்வரை ப்ளக்கைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாராம்.

வியாழக்கிழமை ஊரிகத்தில் வண்டி நின்றபோது அண்ணன் ஏறினார். ஜன்னலோர சீட்டில் என் பை இருந்தது. ஏன் அன்றைக்கும் பையைப் போட்டேன் என்று கேட்காதீர்கள், பழக்கம். நான் பையை எடுத்தேன், அவர் உட்கார்ந்தார். பக்கத்து வீட்டுப் பெரியவருக்காக மெஷினை நிறுத்திவிட்டேன் என்று மட்டும் சொன்னார். பங்காருபேட்டை வரைக்கும் பொறுத்துப் பார்த்துவிட்டு நான்தான் வெடித்தேன். இத்தனை பாடுபட்டு வாங்கினதை மூட்டை கட்டி வைத்துவிட்டு வருவீர்களா, ஒரு மணிநேரம் அந்தப் பெரியவரை வேறு எங்காவது படுக்க வைக்க முடியாதா என்று கத்தினேன். அப்போதுதான் வெங்கடம்மா வாசலில் வந்து கேட்டதைச் சொன்னார். கேட்டு முடித்ததும் என் வாய் மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது.

அதோடு விட்டிருந்தால்கூடத் தேவலை. முதலாளி விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அனுப்பின படம் நன்றாகத்தானே வந்தது, அப்படியானால் ஆறு நாள் ஆபீசுக்கு வா, ஞாயிறு காலை வீட்டில் ஒரு படம் செய்து அனுப்பு என்றுவிட்டார். ஓடும் என்று காட்டினவர் அண்ணன்தானே, எந்த வாயால் முடியாது என்பார்? அவருக்கு மிச்சம் இருந்த ஒரே பகலும் போயிற்று.

போன ஞாயிறு, அண்ணி கொடுத்தனுப்பின டிபன் பாக்ஸைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் போய்ப் பார்த்தேன். லைன் முழுக்கக் கதவு சாத்தியிருந்தது. தூரத்தில் சர்ச்சில் பாட்டு கேட்டது. அண்ணன் வீட்டு முன்னறையில் அந்த மெஷின் காற்றாடிச் சத்தத்தோடு ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் அதைப் பார்க்கவில்லை. ஸ்டூலைச் சுவரோரம் போட்டு, காதைச் சுவரில் ஒட்டிவைத்து உட்கார்ந்திருந்தார். நான் வாயைத் திறந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். சுவருக்கு அந்தப் பக்கம் தங்கவேலுவின் மெஷின் உஸ் உஸ் என்று இழுப்பது எனக்கும் லேசாகக் கேட்டது.

அடுப்படி ஜன்னல் வழியாக வெயில் வந்து தரையில் விழுந்திருந்தது. அரிசி புடைக்கிற முறம் அதில் கிடந்தது.

"அண்ணா, வெயில் வந்துக்கீது. ரெண்டு நிமிஷம் அங்க போய் உக்காருங்க. நான் இங்க காதை வெச்சுனு கீறேன்" என்றேன்.

அவர் சுவரிலிருந்து காதை எடுக்கவில்லை.

"வேணாம்மா. சத்தம் மாறினா உனக்குத் தெரியாது" என்றார்.