பட்டாளக் கத்திக்குப் போட்ட பிடி

பச்சைப் புளியமரத்தை வெட்டிச் சாய்த்தால் அந்த இடத்தில் ஒரு புளிப்பு வாடை நாள்கணக்கில் நிற்கும். கசங்கிய கொழுந்தும் பிளந்த கட்டையின் ஈரமும் வெயிலில் வெந்த தாரும் கலந்த அந்த வாடைதான், இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் இன்றைக்கும் எனக்கு முதலில் வருகிறது. கூட்டங்களோ கோஷங்களோ கொடிகளோ அதற்கு அப்புறம்தான்.

கச்சிராயபாளையத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்குப் போகும் சாலையில் எங்கள் ஊர் இருந்தது. நான் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் விடிந்தபோது சாலையோரத்துப் புளியமரங்களில் பல சாலைக்குக் குறுக்கே விழுந்துகிடந்தன. பஸ் வரவில்லை, கரும்பு லாரி வரவில்லை, வாத்தியாரும் வரவில்லை. தெருவில் பெரியவர்கள் "நம்ம பங்க கேக்கறாங்க" என்று மட்டும் சொன்னார்கள். அந்தப் பங்கு எங்கே இருக்கிறது, யார் வைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் எனக்கு விளங்கவில்லை. பள்ளிக்கூடம் இல்லை என்பது விளங்கியது.

என் அப்பாவை ஊரில் "பட்டாளத்தாரு" என்பார்கள். சில வருடம் ராணுவத்தில் இருந்து, உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் திரும்பி வந்து, கொஞ்சம் நிலத்தில் கரும்பும் மரவள்ளியும் போட்டுக்கொண்டிருந்தவர். அங்கிருந்து அவர் கொண்டுவந்தவற்றில் மிஞ்சியது ஒரு கத்திதான். முழங்கை நீளம், தடித்த அலகு, முதுகில் ரம்பம்போல் பல், தோல் வளையங்களை அடுக்கிச் செய்த பிடி. காட்டில் வழி தப்பியவன் உயிரோடு திரும்புவதற்காகக் கொடுப்பது என்று அவர் சொல்வார். எங்கள் வீட்டில் அது தேங்காய் உரித்தது, விறகு பிளந்தது, மாட்டுக்குக் கரும்புச் சோகை நறுக்கியது. பல மழைக்காலம் கண்ட தோல் வளையங்கள் உளுத்துப்போய், பிடி கொஞ்ச நாளாகவே ஆடிக்கொண்டிருந்தது. சரிசெய்ய வேண்டும் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார்.

மரங்கள் விழுந்த மறுநாள் என் சின்னம்மா சரோஜாவுக்கு வலி கண்டது. அம்மாவின் தங்கை. தாய் இல்லாததால் தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். ஊர் மருத்துவச்சி வந்து பார்த்துவிட்டு, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, என்னால் ஆகாது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிக் கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டாள். அப்பா மாட்டு வண்டியைப் பூட்டினார். வைக்கோலைப் பரப்பிச் சின்னம்மாவைப் படுக்கவைத்து, அம்மாவும் நானும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்துகொண்டோம். என்னை விட்டுவிட்டுப் போக வீட்டில் வேறு ஆள் இல்லை.

ஊரைத் தாண்டியதும் முதல் மரம். அதன் பக்கத்தில் எங்கள் தெரு இளவட்டங்கள் நின்றுகொண்டிருந்தார்கள். முன்னால் நின்றவர் கோவிந்தசாமி சித்தப்பா, அப்பாவுக்குப் பங்காளி முறை, தோளில் கோடாலி. வண்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு அவர் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"ண்ணா, வண்டியத் திருப்பிக்க. மரத்த யாரும் நவுத்தக் கூடாதுன்னு பேசி வச்சிருக்கறோம்."

அப்பா வண்டியை விட்டு இறங்கினார். "எனக்கும் சேத்துத்தான் கேக்கறீங்கடா, தெரியும். இந்தப் புள்ள பொழச்சி வந்தாத்தான நீ வாங்கியாறது அதுக்கு ஆவும். அந்தக் கோடாலியக் குடு, ஓரத்துக் கிளைய மட்டும் கழிச்சிக்கறேன்."

சித்தப்பா தன் பின்னால் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். அவர் கோடாலியைத் தரவில்லை. ஆனால் வழியையும் மறிக்கவில்லை, எல்லோருமாக ஒதுங்கி நின்றுகொண்டார்கள்.

அப்பா வண்டியின் அடியில் செருகியிருந்த கத்தியை உருவிக்கொண்டு மரத்தின் நுனிப்பக்கம் போனார். கைத் தடிமன் இருந்த கிளைகளைக் கத்தியால் வெட்டுவது என்றால் வெட்டுவதும் அறுப்பதும் பிய்ப்பதும்தான். இரண்டாவது மரத்தில் பிடி கழன்று விழுந்தது. கம்பிபோல் நீண்டிருந்த இரும்பின் மேல் துண்டைச் சுற்றிக்கொண்டு அவர் மறுபடி வெட்டினார். சின்னம்மாவின் முனகல் நிற்கும்போதெல்லாம் அம்மா அவள் கன்னத்தைத் தட்டினாள். வெயில் உச்சிக்கு வந்து சாய்ந்தது. ஒவ்வொரு மரத்தடியிலும் வண்டி நின்று, சாலையோரத்து மண்ணில் இறங்கி, ஏறி, நாங்கள் ஆஸ்பத்திரியைச் சேர்ந்தபோது அப்பாவின் துண்டு சிவந்திருந்தது. சின்னம்மாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு பேரும் பிழைத்தார்கள். அப்பா ஆஸ்பத்திரி வாசலில் தரையில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து, குழந்தையைக்கூடப் பார்க்காமல் தூங்கிப்போனார்.

அந்த வாரக் கடைசியில் போலீஸ் வந்தது. இளவட்டங்கள் எல்லோரும் வெள்ளிமலைப் பக்கம் ஏறிப் போய்விட்டார்கள். தப்பு செய்யவில்லை என்று நினைத்ததால் அப்பா வீட்டிலேயே இருந்தார். வேனை நிறுத்திவிட்டு வீடுவீடாக ஆண்களை வெளியே கூப்பிட்டார்கள். யாரிடமும் பேரைக் கேட்கவில்லை. "கையக் காட்டு" என்றார்கள். கொப்புளம் இருந்தவர்களை ஏற்றிக்கொண்டார்கள். அப்பாவின் உள்ளங்கையில் தோலே இல்லை. அம்மா பிரசவத்தைச் சொல்லி அழுதாள், பச்சைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினாள். வேனின் கதவு சாத்திக்கொண்டது.

உள்ளே என்ன நடந்தது என்பதை அப்பா எங்களிடம் சொன்னதே இல்லை. அவரோடு பிடிபட்ட ஒருவர் பின்னால் அம்மாவிடம் சொன்னதுதான் எங்களுக்குத் தெரியும். வண்டிக்கு வழி பண்ணிக்கொண்டு போனதாக அப்பா சொல்லியிருக்கிறார். அப்படியானால் மரத்தை வெட்டினவன் யார், பேரைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போ என்றிருக்கிறார்கள். யாரையும் பார்க்கவில்லை என்று அப்பா சொன்னார். திரும்பத் திரும்பக் கேட்டார்கள், திரும்பத் திரும்ப அதையே சொன்னார். கேட்ட ஒவ்வொரு தடவையும் கையை நீட்டச் சொன்னார்கள்.

வழக்கு எதுவும் போடாமல் விட்டுவிட்டார்கள். நடந்தே வந்தார். வலது கையில் இரண்டு விரல்கள் உடைந்திருந்தன, பின்னால் அவை கோணலாகவே கூடின. மற்றவை பாதிக்கு மேல் மடங்கவில்லை. சோற்றைப் பிசைந்து அம்மா ஊட்டினாள். ஒருநாள் ஊட்டிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்திவிட்டு, "பேரச் சொன்னா இன்னா ஆயிருக்கும்?" என்று கேட்டாள்.

"அவன் கைய ஒடச்சிருப்பாங்க" என்றார் அப்பா. ஒரு வாய் வாங்கிக்கொண்டு, "அந்த ஸ்டேஷனுக்கு எவன் கையினா இன்னா" என்றார்.

அதற்கப்புறம் அவர் வயலுக்குப் போகவில்லை. கட்டிலில் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். கரும்பு வயலில் களை மண்டியது. வைக்கோல் போரில் அம்மா ஒளித்துவைத்த கத்தி அங்கேயே துருவேறிக் கிடந்தது.

மரங்களை அப்புறப்படுத்தி, பஸ் ஓடத் தொடங்கி, ஊர் பழையபடி ஆன பிறகு ஒரு மத்தியானம் கோவிந்தசாமி சித்தப்பா வந்தார். தாடி வளர்ந்து, மெலிந்து, பார்த்ததும் அடையாளம் தெரியவில்லை. கையில் ஒரு மரத்துண்டு. மலையில் வெட்டிய மஞ்சக்கடம்பு என்றும், காய்ந்தால் வெடிக்காது, கைக்கு உறுத்தாது என்றும் அவராகவே சொன்னார். அம்மா வாசற்படியில் நின்றாள். வா என்று சொல்லவில்லை.

"கத்தி எங்கண்ணா இருக்குது?"

"அது எதுக்கு இப்ப?"

"பிடி போட்டுத் தரேன்."

"கையே இல்ல, பிடி எதுக்குடா" என்று அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சித்தப்பா போகவில்லை. கிணற்றடிக்குப் போய்க் களிமண்ணைப் பிசைந்து ஓர் உருண்டையாகக் கொண்டுவந்தார். கட்டிலின் அருகே தரையில் உட்கார்ந்து, அப்பாவின் வலது கையை எடுத்து, அந்த உருண்டையை உள்ளங்கையில் வைத்து, மடங்குகிற அளவுக்கு மட்டும் விரல்களை மெல்ல மடக்கினார். அப்பா கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஈரம் இழுக்கும்வரை அந்தக் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். மண்ணை எடுத்தபோது கோணல் விரல்களின் பள்ளங்கள் அதில் அப்படியே இருந்தன.

அதைப் பார்த்துப் பார்த்துப் பல நாள் எங்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து செதுக்கினார். அவர் தச்சர் இல்லை. முதல் துண்டைக் கெடுத்துவிட்டு, மலைக்குப் போய் இன்னொன்று கொண்டுவந்தார். செங்கல்லால் தேய்த்துத் துருவை எடுத்தார். பழைய சைக்கிள் பம்பின் பித்தளைக் குழாயை அறுத்து, பிடியின் வாயில் பூணாக ஏற்றினார். காய்ச்சிய கம்பியால் துளை போட்டு, அதில் அரக்கையும் செங்கல் தூளையும் நிரப்பி, கத்தியின் வாலை நெருப்பில் சிவக்கக் காய்ச்சி உள்ளே இறக்கியபோது புகை கண்ணைக் கரித்தது. ஆறிய பிறகு கொண்டுபோய் அப்பாவிடம் நீட்டினார்.

பார்க்க அழகாக இல்லை. பிடி அளவுக்கு மீறித் தடித்து, ஒரு பக்கம் வீங்கியிருந்தது. அப்பா எழுந்து உட்கார்ந்து வாங்கினார். விரல்கள் ஒவ்வொன்றாகப் பள்ளத்தில் போய் உட்கார்ந்தன. வாசலில் கிடந்த கரும்பை எடுத்து வெட்டினார். முதல் வெட்டு வழுக்கியது. அடுத்ததில் கரும்பு இரண்டானது. கத்தியை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அதையே பார்த்தார்.

"கோடாலியக் குடுத்திருக்கலாம்டா."

"ஆமாண்ணா" என்றார் சித்தப்பா.

அம்மா உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து சித்தப்பாவின் அருகில் வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் திரும்பிப் போனாள்.

போராட்டம் கேட்டதில் ஒரு பங்கு பிறகு கிடைத்தது. அந்த ஒதுக்கீட்டில்தான் எனக்கு ஆசிரியர் பயிற்சியில் இடம் வந்தது. சேர்க்கிற அன்று அப்பாவும் வந்தார். அலுவலக ஊழியர், தகப்பனார் கையெழுத்துப் போட வேண்டும் என்று பேனாவை நீட்டினார். பட்டாளத்திலிருந்து அம்மாவுக்கு வாராவாரம் கடிதம் எழுதியவர் அப்பா. கட்டை விரலுக்கும் சுட்டு விரலுக்கும் நடுவே அந்த மெல்லிய பேனா நிற்கவில்லை, இரண்டு தடவை நழுவியது. ஊழியர் எதுவும் கேட்காமல் மைப்பெட்டியை நகர்த்தினார். எழுதத் தெரிந்தவர்தான் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அப்பா என் தோளைத் தொட்டு வேண்டாம் என்பதுபோலத் தலையசைத்துவிட்டு, இடது கைப் பெருவிரலை மையில் வைத்தார்.

இப்போது அந்தச் சாலையை அகலப்படுத்திவிட்டார்கள். அப்போது விழாமல் நின்ற மரங்களும் அதில் போய்விட்டன. நடுவே அரளிச்செடி வைத்திருக்கிறார்கள். கல்லூரிப் பெண்கள் நிறைந்த பஸ்கள் நிற்காமல் போகின்றன. அப்பா இல்லை, கோவிந்தசாமி சித்தப்பாவும் இல்லை. கத்தி, அதெல்லாம் நடந்த பிறகு பிறந்த என் தம்பியின் வீட்டில் இருக்கிறது. அந்தப் பிடியை யாராலும் சரியாகப் பிடிக்க முடியாததால் புழக்கத்தில் இல்லை. வேறு பிடி மாற்றிக்கொள்ளட்டுமா என்று போன பொங்கலுக்குத் தம்பி என்னைக் கேட்டான். கையில் வாங்கி, விரல்களை ஒவ்வொரு விதமாக மடக்கிப் பார்த்தேன். என் கை நல்ல கை, அதில் சேரவில்லை. மாற்றிக்கொள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.