சீனாவுக்குப் போகும் கடைசி ரீச்சர்

இரண்டு வருடங்களாக நான் கனடாக்காரர்களுக்கு, வெளிநாட்டில் எப்படி வாழ்வது என்று சொல்லிக்கொடுத்தேன். சிரிக்க வேண்டாம், சம்பளத்துக்குச் செய்த வேலை அது. அஜின்கோர்ட்டில் ஒரு பிளாசாவின் மேல்மாடியில் எங்கள் கந்தோர் இருந்தது. சீனாவில் உள்ள பள்ளிக்கூடங்களுக்கு இங்கிருந்து ஆங்கில ஆசிரியர்களைத் தேடிப் பிடித்து அனுப்புவோம். முதலாளியம்மா ஹொங்கொங்கிலிருந்து வந்தவர். அவரும் நானும் சேர்ந்தால் அதுதான் முழுக் கந்தோரும். விசா, ரிக்கற் எல்லாம் என் தலையில். புறப்படுகிறவர்களுக்கு அரைநாள் வகுப்பு ஒன்றும் நானே எடுப்பேன்.

சீனா எப்படி இருக்கும் என்று எனக்கு எள்ளளவும் தெரியாது. ஆனால் பனிக்கு எந்தச் சப்பாத்துப் போடுவது என்று தெரியாமல் முழித்ததும், கடைக்குப் போய் தெரிந்த மரக்கறி ஒன்றும் இல்லாமல் வெறுங்கையோடு திரும்பியதும், நான் சொன்ன பகிடிக்கு ஒருவரும் சிரிக்காததும் அகதியாக வந்து இறங்கிய எனக்கு மனப்பாடம். அதையே பாடமாக்கிவிட்டேன். “யாராவது சாப்பிடக் கூப்பிட்டால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள்” என்பேன். ஆறடி உயர வெள்ளைக்காரர்கள் தலையாட்டிக்கொண்டு எழுதுவார்கள். எனக்கு உள்ளுக்குள் சந்தோசம் பொங்கும், பெரிய புளுகம்.

ஆனால் ஒவ்வொரு குழுவும் விமானம் ஏறியபின் எனக்கு வயிறு எரியும். யாழ்ப்பாணத்தில் நான் ஆங்கில ரீச்சர். இங்கே வந்தபின் வகுப்பறை வாசல் மிதிக்கவில்லை. ஊரார் கலியாணத்துக்கெல்லாம் பந்தி பரிமாறிவிட்டுப் பசியோடு வீட்டுக்கு வருகிறவளைப்போல இருந்தேன். கனடா பாஸ்போட் கைக்கு வந்ததும் முதலாளியம்மாவிடம் போய், “என்னையும் அனுப்புங்கள்” என்று கேட்டேன். அவர் மறுக்கவில்லை. மூன்று பள்ளிக்கூடங்களுக்கு என் விபரத்தையும் படத்தையும் அனுப்பினார். மூன்றும் ஒரே பதில்தான் சொல்லின: இப்போது இடமில்லை. அதில் ஒரு பள்ளிக்கூடம் அடுத்த கிழமையே வேறு ஆள் கேட்டு ஃபக்ஸ் அனுப்பியது.

“வெளிநாட்டு ரீச்சர் என்றால் தொலைக்காட்சியில் வருகிறவரைப்போல இருக்க வேண்டும் என்று பெற்றோர் நினைக்கிறார்கள்” என்றார் முதலாளியம்மா, என் முகத்தைப் பார்க்காமல். பாஸ்போட்டில் இருக்கும் கனடா என் மூக்கிலும் இருக்க வேண்டுமாம். எனக்கு வந்த கோபத்துக்கு அன்று முழுதும் ஸ்ரேப்ளரைத்தான் அடித்தேன்.

அந்தக் கோடையில் முதலாளியம்மா மகனோடு இருக்க வன்கூவர் போக முடிவெடுத்தார். ஓகஸ்ட் கடைசியோடு கந்தோர் பூட்டு. அப்போது அனுப்பவேண்டியிருந்த குழுதான் கடைசிக் குழு. அதில் ஒரு பெண், காதலன் சம்மதிக்கவில்லை என்று கடைசி நேரத்தில் விலகிவிட்டாள். பள்ளிக்கூடம் தொடங்கப் போகிறது, ஆள் இல்லை. எனக்கோ இதைவிட்டால் வேறு வழி இல்லை; அந்த இடத்துக்கு என்னை அனுப்பும்படி மறுபடியும் கேட்டேன்.

முதலாளியம்மா இந்த முறை படம் அனுப்பவில்லை. “முதலில் அவர் பேசுவதைக் கேளுங்கள். கோடை வகுப்புப் பிள்ளைகளையே கூட்டி வைத்துக் கேளுங்கள்” என்று அந்தப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியரிடம் தொலைபேசியில் சொல்லிவிட்டார்.

வீட்டில் அம்மாவுக்கு விசயம் தெரிந்ததும் சட்டி பானை எல்லாம் பேசத் தொடங்கின.

“குண்டுக்கும் செல்லடிக்கும் ஓடி வந்தது காணாதே? இப்ப ஆரும் துரத்தாமலே ஓடப்போறியோ?”

“ஆரும் துரத்தாமல் ஒருக்காப் போய்ப் பாப்பம் எண்டுதான் அம்மா நிக்கிறன்” என்றேன்.

அம்மா அன்று எனக்கு இரண்டு முட்டை பொரித்தார்.

இங்கே மாலை என்றால் அங்கே அடுத்த நாள் காலை. கந்தோர்த் தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டோம். கதிரைகள் இழுபடும் சத்தம், யாரோ இருமும் சத்தம், பிறகு ஒரு வகுப்பே சேர்ந்து “குட் மோர்னிங் ரீச்சர்” என்றது. அதுவரை உட்கார்ந்திருந்தவள் எழுந்து நின்றுவிட்டேன்.

“உங்கள் யன்னலால் எட்டிப் பாருங்கள். என்ன தெரிகிறது என்று சொல்லுங்கள். என் யன்னலில் தெரிவதை நான் சொல்கிறேன்” என்றேன். ஒருவன் சைக்கிள் என்றான். நான், ஒரு ஆள் பெரிய அரிசி மூட்டையைக் காருக்குள் திணிக்கிறார், கதவு சாத்துப்படவில்லை என்றேன். அங்கே சிரிப்பு. ஒரு சிறுமி தன் அம்மா வாசலில் நிற்கிறாள் என்றாள். “அவருக்குக் கை காட்டு, வகுப்பை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றேன். பத்து நிமிடத்தில் எல்லோரும் ஒரேயடியாகப் பேசினார்கள். சந்தோசத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பிறகு பழைய பழக்கம் தானாக வந்தது.

“பின் வரிசையில் கதைக்கிற இரண்டு பேரும் வாயை மூடுங்கள்.”

அங்கே சட்டென்று அமைதி. அடுத்த நொடி வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. தலைமையாசிரியர் பதறிப்போய் முதலாளியம்மாவிடம் சீனத்தில் ஏதோ கேட்டார். முதலாளியம்மா எனக்கு மொழிபெயர்த்தார்: “உனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்கிறார்.”

“எந்த வகுப்பிலும் அந்த இரண்டு பேரும் இருப்பார்கள்” என்றேன்.

அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. தலைமையாசிரியரே ஆங்கிலத்தில் கேட்டார்: “நீங்கள் கனடாவில் எங்கே பிறந்தீர்கள்?”

முதலாளியம்மா கண்ணால் சாடை காட்டினார், ஏதாவது ஊரைச் சொல் என்று. சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தப் பிள்ளைகள் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“நான் பிறந்தது இலங்கையில். கனடா என் நாடு. உங்கள் பிள்ளைகளுக்கு இரண்டையும் காட்டுவேன், ஒரு பெரிய உலக வரைபடம் மட்டும் வாங்கி வையுங்கள்” என்றேன்.

முதலாளியம்மா கண்ணை மூடிக்கொண்டார். தொலைபேசியில் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு தலைமையாசிரியர் சீனத்தில் பேசினார், இரண்டு வசனம்தான். முதலாளியம்மா வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“உலக வரைபடம் வகுப்பில் இருக்கிறதாம். ரீச்சர்தான் இல்லையாம்.”

நான் அழுதேன், வெட்கமில்லாமல். அவரும் அழுதார். பிறகு இரண்டு பேரும் சிரித்தோம்.

மேசையை ஒதுக்குமுன் ஒரு வேலை மிச்சம் இருந்தது. எங்கள் ரிக்கற்றுகளை எப்போதும் போடுகிற தமிழ் ஏஜென்ற் அண்ணைக்குத் தொலைபேசி அடித்து, கடைசிக் குழுவில் ஒரு பெயர் மாறுகிறது என்றேன். அவர் பேரைக் கேட்டார். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன்.

“தங்கச்சி, உம்மட பேர் எனக்குத் தெரியுந்தானே” என்றார் அவர் அலுப்போடு. “போற ரீச்சற்ற பேரைச் சொல்லும்.”

“அதைத்தான் அண்ணை சொன்னனான்.”