அரிசி டிரம்முக்குள் போன கேம் பெட்டி

மசூது பாய் உமா மகேஸ்வரிக்கு நாலாயிரத்து முந்நூறு ரூபாய் கடன்பட்டிருந்தார். அறுபத்தாறு வயது, சொந்த வீடு, சொந்தக் கடை, யாரிடமும் கைநீட்டாதவர் என்ற பெயர். அப்படிப்பட்டவர் முப்பது வயதுப் பெண்ணிடம் பட்ட கடன். அதுவும் தன் தொழிலையே செய்கிறவளிடம்.

மசூது அஞ்சாம் வகுப்பைத் தாண்டாதவர். பதினொரு வயதில் சோடாக் கடைக்குப் பாட்டில் கழுவப் போனார். அங்கே பேசாமல் கிடந்த ரேடியோவை யாரும் சொல்லித்தராமலே பிரித்து, மூன்றாம் நாள் பாடவைத்தார். அன்று பிடித்த ஸ்குருடிரைவர்தான் தென்காசி கூலக்கடை பஜாரில் கடை ஆனது, மாடி வீடு ஆனது, குற்றாலத்து லாட்ஜுகளில் வாடகைக்கு ஓடும் நாற்பத்திரண்டு டிவி ஆனது. மிக்ஸியோ கிரைண்டரோ டேப் ரிக்கார்டரோ, மசூது கைபட்டு உயிர் போன சாமான் கிடையாது என்று ஊர் சொல்லும். ஊர் மறந்தால் அவரே சொல்லுவார். சொல்ல அவருக்குத் தகுதி இருந்தது.

அவர் பெருமைகளில் பெரியது ஒரு கேம் பெட்டி. 1993இல் கூட்டாளி முகம்மது சலீம் துபாயிலிருந்து கொண்டுவந்து ஆயிரத்து எண்ணூறு ரூபாய்க்குக் கொடுத்தது. டிவியில் மாட்டி, கேசட் செருகி விளையாடுவது. சீசனில் குற்றாலத்தில் ஒரு கடை போட்டு, அரை மணிக்கு ஐந்து ரூபாய் என்று வாங்கியே மூத்த மகளைக் கட்டிக்கொடுத்தார். அருவியில் குளித்துவிட்டுத் தலை சொட்டச் சொட்ட வந்து உட்காருவார்கள். வெளியே ஓயாத சாரல், உள்ளே சுவரே வியர்க்கும். அந்த ஈரத்திலும் பெட்டி கெடாமல் நிற்க மசூது ஒரு வைத்தியம் வைத்திருந்தார். கடை சாத்தியதும் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, சுந்தரபாண்டியபுரத்து அரிசி நிறைந்த டிரம்முக்குள் புதைத்துவிடுவார். ஈரத்தையெல்லாம் அரிசி குடித்துவிடும். காலையில் தட்டி எடுத்தால் பெட்டி ஓடும். முப்பத்திரண்டு வருஷமாக ஓடுகிறது.

இந்த வருஷம் ஆனி பிறந்து அருவியில் தண்ணீர் விழத் தொடங்கிய திங்கட்கிழமை, விஜய்பாண்டி அவர் கடைக்கு ஓடிவந்தான். ஐந்தருவி ரோட்டில் கேம் விளையாடும் அறை நடத்துகிறவன். கையில் இருந்தது ஐம்பத்து நாலாயிரம் ரூபாய்ப் புதுப் பெட்டி, தவணையில் வாங்கியது. கூரைத் தகரம் ஒழுகி ஈரம் இறங்கியிருந்தது. பட்டனை அமுக்கினால் விளக்கு சிமிட்டிவிட்டு அணைந்தது.

"கம்பெனி சர்வீசுல மூணு வாரம் ஆகுங்கான் பாய். அதுக்குள்ள பாதி சீசன் போயிரும். அறைக்கு ஒண்ணேகால் லட்சம் முன்பணம் குடுத்துருக்கேன். சனிக்கிழமை கூட்டம் வருது."

"இதுக்கு ஏம்லே மூஞ்சியத் தொங்கப் போடுத? ரெண்டு நாள் என் டிரம்முல கெடக்கட்டும். அதுவரைக்கும் நம்ம பழைய பெட்டியக் கொண்டு போயி ஓட்டு. அம்பத்து நாலாயிரமாம்! ஆயிரத்து எண்ணூறுல்லா நின்னு ஆடுது!"

வீட்டில் ஜாஹிரா பீவிக்கு அந்தப் பெட்டியைப் பார்த்ததுமே பிடிக்கவில்லை. "என்னங்க இது, பிள்ளத்தாச்சி வயிறு மாதிரி இருக்கு? அரிசியெல்லாம் வழியுது."

"நீ சும்மா கெடட்டி. வைத்தியம் பாக்குதவன் நானா நீயா?"

புதன்கிழமை காலை பெட்டியை எடுத்துத் தட்டி, கரண்ட் கொடுத்தார். விளக்கு எரிந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். பத்து நிமிஷம் கழித்து உள்ளேயிருந்து கரகரவென்று ஒரு சத்தம் வந்தது, பிறகு கருகிய வாடை. அவ்வளவுதான், அணைந்தது. பிறகு எத்தனை தடவை அமுக்கியும் சிமிட்டக்கூட இல்லை. திறந்து பார்க்கலாம் என்றால் திருகாணித் தலை நட்சத்திரம் போல் இருந்தது. அவரிடம் இருந்த பதினேழு ஸ்குருடிரைவரில் ஒன்றுகூடச் சேரவில்லை.

மசூது தரையில் உட்கார்ந்துவிட்டார். ஐம்பது வருஷமாகச் சேர்த்த பெயர் ஒரு பக்கம், பாண்டியின் சீசன் ஒரு பக்கம்.

"அந்த உமாட்ட கொண்டு போங்களேன். செல்போனு, லேப்டாப்பு எல்லாம் அவதான் பாக்கா" என்றார் ஜாஹிரா பீவி.

"நான் போயி அவ கடையில நிக்கவா?"

"அப்ப சனிக்கிழமை பாண்டி வந்து உங்க கடையில நிக்கட்டும்."

துணிக்கடைப் பையில் பெட்டியைச் சுற்றிக்கொண்டு, பஜார் அடங்கியிருக்கும் மத்தியான வேளையாகப் பார்த்து ரயில்வே ஸ்டேஷன் ரோட்டுக்குப் போனார். அவர் நேரம், உமா கடையில் மூன்று பேர் நின்றார்கள். அதில் ஒருவர் கோமதிசங்கர், மசூதிடம் டிவி வாடகைக்கு எடுக்கிற லாட்ஜ் மேனேஜர்.

உமா நட்சத்திர ஆணிகளைக் கழற்றி மூடியைத் தூக்கினாள். உள்ளே இருந்த சின்னக் காத்தாடியின் இடுக்கிலிருந்து ஒரு நொய்யரிசி மேசையில் விழுந்தது. உள்ளே தவிட்டுத் தூசி அப்பிக்கிடந்தது. அவள் மசூது முகத்தை ஒரு தடவை பார்த்தாள். பக்கத்தில் கிடந்த செய்தித்தாளை எடுத்துப் பெட்டியை மூடினாள்.

"நிதானமாத்தான் பாக்கணும் பாய். ஒரு டீ குடிச்சிட்டு வாங்க."

அவர் திரும்பி வந்தபோது மற்றவர்கள் போயிருந்தார்கள். அப்புறம்தான் தாளை எடுத்தாள்.

"பாய், இது கேம் பெட்டியா, ரேஷன் கடையா?"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. நடந்ததைச் சொன்னார். "முப்பத்திரண்டு வருஷமா இப்படித்தான் வைக்கேன் தாயி. பழசுக்கு ஒண்ணும் ஆகலியே?"

"பழசு மூச்சு விடாது பாய். உள்ள காத்தாடியே கெடையாது, சூடும் ஏறாது. இது அப்படியா? ஓடுத வரைக்கும் காத்த உள்ள இழுத்து வெளிய தள்ளிக்கிட்டே இருக்கும். அரிசி போயி காத்தாடியப் பிடிச்சிட்டு. சூடு ஏறி பார்ட்டு கருகிட்டு. ஈரத்துல இது சாகல. வைத்தியத்துல செத்துருக்கு."

காத்தாடியும் பார்ட்டும் மதுரையிலிருந்து பஸ் பார்சலில் வரவேண்டும். கூலியும் சேர்த்து நாலாயிரத்து முந்நூறு. சீசனுக்கு முன்னால் மசூதின் பணமெல்லாம் லாட்ஜ் டிவிகளுக்குள் போய்விடும், ஆவணியில்தான் திரும்பும். பையில் எழுநூறு இருந்தது. அதை மேசையில் வைத்தார். உமா அவர் பக்கமே நகர்த்தினாள்.

"மொத்தமா சீசன் முடியவும் குடுங்க. மதுரைக்கு நான் அனுப்புதேன். பாண்டி அண்ணன்ட்ட காத்தாடி ரிப்பேருன்னு மட்டும் சொல்லுதேன். அது பொய் இல்லல்லா?"

வெள்ளிக்கிழமை மத்தியானம் பெட்டி ஓடியது. சாயங்காலம் விஜய்பாண்டி அதை எடுத்துப்போக மசூது கடைக்கு வந்தான். ரிமோட் வாங்க வந்த கோமதிசங்கரும் அங்கே இருந்தார்.

"காத்தாடி போயிட்டாம்லா பாய்? உமா சொன்னா. நீங்க அன்னைக்கே சொன்னீய, இந்தக் காலத்துச் சாமானே இப்படித்தான். கம்பெனிக்காரன் நல்லா ஏமாத்திட்டான்" என்றான் பாண்டி.

'ஆமா' என்ற சொல் மசூதின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அந்த ஒரு சொல்லில் பெயர் பிழைத்துவிடும். பிழைப்பது என்ன, இன்னும் ஒரு சுற்றுப் பெருக்கும். ஆனால் தன் கைக்காசைப் போட்டுப் பார்ட் வாங்கியவள் உமா. அவள் மறைத்தது அவள் பெருந்தன்மை. அதே காரியத்தைத் தான் செய்தால் அதற்குப் பெயர் வேறு என்று அவருக்குப் பட்டது.

"கம்பெனிக்காரன் இல்லலே. நான்தான் கெடுத்தேன். அரிசியில புதைச்சுக் கெடுத்தேன். உசிரு குடுத்தது உமா."

பாண்டியின் முகம் கறுத்தது. "அம்பத்து நாலாயிரம் பாய்! இன்னும் ஒம்பது தவணை கெடக்கு!" பெட்டியைத் தூக்கி ஆட்டிப் பார்த்தான். "இப்ப ஓடுதா?"

"மத்தியானத்துலேருந்து நிக்காம ஓடுது. போட்டுப் பாரு. உனக்குச் செலவு ஒண்ணும் கெடையாது."

போட்டுப் பார்த்தான். அரை மணி நேரம் மூன்று பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெட்டி நிற்கவில்லை. பாண்டிக்கு மெல்லச் சிரிப்பு முட்டியது.

"கோமதி அண்ணாச்சி, கேட்டீயளா? பாய் கேம் பெட்டியில நெய்ச்சோறு ஆக்கிருக்காரு!"

சனிக்கிழமைக்குள் குற்றாலம் முழுக்கத் தெரிந்துவிட்டது. எந்த லாட்ஜுக்குப் போனாலும், "பாய், வெந்துருச்சா, இன்னும் ஒரு விசில் விடணுமா?" என்று கேட்டார்கள். மசூது தாங்கிக்கொண்டார். நாற்பத்திரண்டு டிவியில் ஒன்றைக்கூட யாரும் திருப்பித் தரவில்லை என்பதை அவர் கவனித்தார். பாண்டி பழைய பெட்டியையும் திருப்பித் தரவில்லை. புதியதில் பிள்ளைகளும் பழையதில் அப்பன்மார்களுமாக இரண்டும் சீசன் முழுக்க ஓடின. பழையதற்குக் காத்தாடி கிடையாது என்பதை இப்போது அவர் தன் கண்டுபிடிப்பு போலச் சொல்லிக்கொண்டிருந்தார். நட்சத்திர ஆணி உள்ளதெல்லாம் அவர் கடையிலிருந்து உமாவுக்குப் போயிற்று. மோட்டார் கருகிய மிக்ஸியும் கிரைண்டரும் உமா கடையிலிருந்து அவருக்கு வந்தன.

ஆவணியில் லாட்ஜ் பணம் கைக்கு வந்தது. மறுநாள் காலை பதினொரு மணிக்கு, உமா கடையில் கூட்டம் நிறைந்திருக்கும் நேரமாகப் பார்த்து மசூது போனார். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"இந்தப் பிள்ள இல்லன்னா என் பேரு ஆனியிலயே அவிஞ்சிருக்கும். தெரிஞ்சுக்கிடுங்க."

உமாவுக்கு வெட்கமாகப் போயிற்று. "எதுக்கு பாய் இதெல்லாம்? நாலாயிரம் குடுங்க போதும்."

"முந்நூற உன் கூலியில கழிக்கச் சொல்லுதியா? அம்பது வருஷத்துல என் கூலியில ஒரு பய கழிச்சது கெடையாது. உன் கூலியில நான் கழிப்பனா? கைய நீட்டு தாயி."

அவள் கையைத் துணியில் துடைத்துவிட்டு நீட்டினாள். மசூது வாய்விட்டு எண்ணி எண்ணி வைத்தார். எட்டு ஐந்நூறு ரூபாய் நோட்டு, அதன் மேல் ஒரு நூறு, இன்னொரு நூறு, பிறகு மூன்றாவது நூறு.