பழைய டிஸ்க்கும் ஒரு வாய் மரச்சீனியும்

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்கள் சாப்பிட்டுக்கொண்டே இதைப் படியுங்கள், பார்க்கலாம். இது எனக்கு நடந்தது.

1997, ஆடி மழை. பனச்சமூட்டில் உதிரிபாகங்களைச் சேர்த்துக் கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுக்கும் கடை வைத்திருந்தேன். கடை என்றால் ஒரு மேசை, ஒரு ஸ்க்ரூடிரைவர், அப்புறம் என் தொப்பை. டிடிபி சென்டர் தொடங்க சரோஜம் ஒரு மெஷின் கேட்டிருந்தாள். புருஷன் போன பிறகு பிள்ளையை வளர்க்க அவளுக்கிருந்த ஒரே வழி அது. புது ஹார்ட் டிஸ்க்குக்கு வசதியில்லை. அமரவிளையில் பழைய சாமான் விற்கும் நிபினிடம் பழையது ஒன்று வாங்கி வந்தேன்.

அன்று சாயங்காலம் அவளே வந்து எட்டிப் பார்த்தாள்.

“அண்ணா, நாளைக்கு போதகர் வந்து ஜெபம் பண்ணி தொறக்கதாக்கும். மிஷின் உண்டா, இல்ல உங்க தொப்பைய மேசையில தூக்கி வைக்கணுமா?”

“காலம்பற கொண்டு வாறேன் மக்கா.”

டிஸ்க்கைக் கேபினட்டுக்கு வெளியே மேசைமேல் வைத்தே ஓடவிட்டேன். பழையதை அப்படித்தான் சோதிப்போம். ஒரு நாற்றம். ஊசிப்போன கஞ்சியும் மருந்தும் கலந்த மாதிரி. பக்கத்தில் என் இலைப்பொதி: மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும். என் பசி நாற்றத்துக்கெல்லாம் பயப்படாது. பொதியைப் பிரித்தேன்.

ஏழு மணி. வழக்கமான பவர்கட். மானிட்டர் அணைந்தது. ஃபேன் நின்றது.

டிஸ்க் மட்டும் நிற்கவில்லை.

சளப்... சளப்...

டிஸ்க் போடும் சத்தமில்லை அது. வாயைத் திறந்துகொண்டு மெல்லும் சத்தம்.

எலி என்று நினைத்தேன். மேசையைத் தட்டினேன். நின்றது. இருட்டிலேயே ஒரு வாய் அள்ளிப் போட்டேன்.

வெதுவெதுப்பு.

மெல்லவே வேண்டியிருக்கவில்லை.

வழுவழுவென்று... இறங்கிவிட்டது.

தீக்குச்சி கிழித்தேன்.

மரச்சீனி கூழாகக் கிடந்தது. மேலே நுரை. எச்சில். அதிலிருந்து ஒரு நூல்... நீண்டு... டிஸ்க்கில் ஒட்டியிருந்தது.

கரண்டு வந்தபோதும் நான் கடைவாசல் ஓடையில் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன்.

இதையா சரோஜம் வீட்டில் வைப்பது? அந்தப் பிள்ளை சாப்பிடும் இடத்தில்? டிஸ்க்கைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, முதல் பஸ்ஸில் போய் நிபினை எழுப்பினேன்.

“வேற ஒண்ணு தாலே. இது ஆருக்க டிஸ்க்?”

“அம்பூரி கிருஷ்ணன்குட்டி சாருக்க. ஏன் அண்ணா, ஓடல்லியா?”

“அவரு எங்க?”

“போன மாசம் மரிச்சுப் போனாரு. தொண்டையில கேன்சர். கடைசியில ஒண்ணும் எறங்காது. ருசிக்கு வாயில போட்டு மென்னுட்டு, கம்ப்யூட்டருக்குப் பக்கத்துல ஒரு கிண்ணம் உண்டு, அதுல துப்புவாரு. மரச்சீனின்னா உயிராக்கும்.”

சரோஜத்தின் சென்டர் அன்றே திறந்தது, வேறு டிஸ்க்கோடு. ஜெபத்தில் நானும் கண்மூடி நின்றேன். கேக் நீட்டினாள். வேண்டாமென்றேன். “அண்ணனுக்கு சொகமில்லியா?” என்று பதறிப்போனாள். இந்தத் தொப்பையை வைத்துக்கொண்டு கேக்கை மறுத்தால் யார்தான் பதறமாட்டார்கள்?

அவளிடம் சொல்லவில்லை.

அந்த மனிதரால் விழுங்க முடியாமல் போன ஒரு வாய்... அவருக்காக நான் விழுங்கியிருக்கிறேன்.