பெற்றுக்கொண்டவர் கையெழுத்து

சிவாஜிநகரில் சவப்பெட்டிக் கடை வைத்திருந்த தியோடர் பல வருடங்கள் ரொக்கம் மட்டுமே வாங்கினார். இறந்தவர்களின் பிள்ளைகள் பலரும் வெளிநாட்டில் இருந்ததால், அவர் மனைவி அல்போன்சா கடையை ஒரு பேமென்ட் கேட்வே கம்பெனியில் பதிவு செய்தாள். அவள் அனுப்பும் லிங்கைத் தொட்டு அவர்கள் கார்டு எண்ணைப் போடுவார்கள். கேட்வே அந்த கார்டின் வங்கியைக் கேட்கும். வங்கி சம்மதித்ததும் தியோடருக்குச் செய்தி வரும். பணம், கமிஷன் போக, சில நாள் கழித்துதான் வரும். செய்தியை நம்பியே அவர் மரத்தை அறுத்துவிடுவார்.

ஜோகுபாளையத்தில் தனியாக இருந்த அன்னம்மாள் இறந்தபோது, மெல்போர்னிலிருந்து மகன் டேரில் அப்படித்தான் கட்டினான். விசா சிக்கலால் அவனால் வர முடியவில்லை. தியோடர் வீடியோ காலில் அம்மாவின் முகத்தைக் காட்டினார்.

"அங்கிள், மூடாதீங்க. இன்னும் கொஞ்ச நேரம்" என்று அழுதான். கை வலிக்கும்வரை போனைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அடுத்த மாதம் கேட்வேயிலிருந்து மின்னஞ்சல் வந்தது. 'இதை நான் கட்டவில்லை' என்று கார்டுக்குரியவர் தன் வங்கியில் புகார் கொடுத்திருக்கிறாராம். பொருளை ஒப்படைத்ததற்கு ஆதாரம் வேண்டும். இல்லாவிட்டால் பணம் திரும்பப் போய்விடும்.

அல்போன்சா கேட்வே கம்பெனிக்குப் போன் செய்தாள்.

"டெலிவரி வாங்கினவங்க சைன் இருக்கா மேடம்?" என்றது ஒரு பெண் குரல்.

"சவப்பெட்டிம்மா அது. வாங்கினவங்க அதுக்குள்ள இருக்காங்க."

"சாரி மேடம். ஆனா ஏதாவது அப்லோட் பண்ணியே ஆகணும்."

"அன்னிக்கு நீங்க எடுத்த, முகம் தெரியுற போட்டோ இருக்கே, அதை அனுப்பலாமா?" என்று அல்போன்சா கணவரைக் கேட்டாள்.

"செத்தவங்க முகத்தையா? வேணாம்."

தியோடர் மாதா கோவிலில் அடக்கப் பதிவின் நகல் வாங்கி, கல்லறை மேட்டைப் படமெடுத்து அனுப்பினார். அவை செல்லாது என்றது கேட்வே. கார்டில் டேரிலின் பெயரே இல்லை.

டேரிலை அழைத்துக் கேட்டார்.

"என்னை விட்டுட்டுப் போன வைஃபோட கார்டு, அங்கிள். அம்மா மார்ச்சுவரில கிடந்தாங்க. வேற வழி தெரியல."

"அந்தப் பொண்ண ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா குடுத்திருக்க மாட்டா."

தியோடர் திட்டத்தான் நினைத்தார். "மழையில அம்மா கல்லறை மண்ணு இறங்கியிருக்கு, யாரையாவது விட்டுச் சரி பண்ணு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். அடுத்து வரவேண்டிய பணத்தில் அந்தத் தொகையைப் பிடித்துக்கொண்டு, கேட்வே அவருடைய லிங்கையும் முடக்கியது.

பிறகு துபாயிலிருந்து ஒரு பெண் அழைத்தாள். இங்கே அவளுக்கு அப்பா மட்டும்தான்; அவரும் காலையில் இறந்துவிட்டார்.

"பேங்க்ல போடுங்கம்மா. கணக்குல ஏறினதும் பெட்டி செய்யறேன்."

"நாலு நாள் ஆகும்ங்கறாங்களே சார். அதுவரைக்கும் அப்பா?"

"மார்ச்சுவரிலதாம்மா" என்றார் தியோடர். அல்போன்சா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அடக்கத்தன்று முகத்தைக் காட்ட அந்தப் பெண்ணை வீடியோ காலில் அழைத்தார். பணம் ஏறக் காத்திருந்ததிலேயே எடுத்த லீவு தீர்ந்து, அவள் வேலைக்குப் போயிருந்தாள்; பார்க்க முடியவில்லை. குழி வெட்டியவர்களோடு சேர்ந்து தியோடரே மண்ணைத் தள்ளினார்.