சென்சார் மேல் பூசிய ரப்பர் பால்

என் அப்பா இருளாண்டி, மலேசியாவில் நியாலாஸ் என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், பால் ஸ்டோரில் இருபத்தாறு வருடம் வேலை செய்தார். மரப்பட்டையை வெட்டிப் பால் எடுப்பவர்கள் கொண்டு வரும் பாலை அளப்பது, தொட்டியில் ஊற்றுவது, லோரி வரும்வரை உறைந்து போகாமல் இருக்க அமோனியா கலப்பது. இதுதான் வேலை. அமோனியா குறைந்தால் பால் தொட்டியிலேயே கட்டியாகிவிடும். அவர் காலத்தில் ஒரு தொட்டிகூடக் கட்டியானதில்லை என்று தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி சாவு வீட்டில் சொன்னார்.

அவர் இறந்து ஐந்து வாரம் ஆகிறது.

1995-இல் அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போயின. செவ்வாய், வியாழன், சனி, காலை ஆறு மணிக்கு மலாக்கா டவுனில் ஒரு நிலையத்தில் இரத்தம் சுத்தம் செய்ய ஒரு நாற்காலி கிடைத்தது. நாற்காலிக்கு நிறையப் பேர் காத்திருந்தார்கள். ஆறேகால் தாண்டினால் அன்றைக்கு வேறொருவர் உட்கார்ந்துவிடுவார். ஒரு தடவை தவறினால் கால் வீங்கும், மூச்சு வாங்கும். அடுத்ததும் தவறினால் இதயம் நிற்கலாம் என்று நர்ஸ் எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார்.

தோட்டத்திலிருந்து டவுனுக்கு நாற்பது கிலோமீட்டர். முதல் பஸ் ஆறரைக்குத்தான் வரும். நான் டவுன் பக்கம், பத்து பெராண்டாம் என்ற ஊரில், எலெக்ட்ரானிக் ஃபேக்டரியில் டெக்னீஷியன். ஷிஃப்ட் வேலை, அங்கேயே பக்கத்தில் புக்கிட் காத்திலில் வாடகை அறை. அதனால் அப்பா தானே காரை ஓட்டிக்கொண்டு போய், தானே திரும்பி வந்தார்.

கார் ஒரு பழைய சாகா, உள்நாட்டில் செய்தது. அதன் சொந்த இஞ்சின் தேய்ந்துபோனதும், ஜாசினில் வொர்க்‌ஷாப் வைத்திருக்கும் ஹரிதாஸ் அண்ணனோடு சேர்ந்து ஒரு ஹாஃப்கட் இஞ்சினை ஏற்றினார். ஜப்பானில் காரைப் பாதியாக வெட்டிக் கப்பலில் அனுப்புவார்கள். அந்தப் பாதியிலிருந்து கழற்றியது. கார்புரேட்டர் கிடையாது, எல்லாம் கம்ப்யூட்டர். கால் பெடலை எவ்வளவு மிதிக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்ல, கட்டை விரல் அளவில் ஒரு கறுப்பு சென்சார் இருந்தது. அதற்கு மூன்று வயர். போனெட்டைத் திறந்து வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். "சட்ட சாகா, நெஞ்சு ஜப்பான்."

1996 அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டது. கார் விடியற்காலையில் இடையிடையே திக்கியது. மிதித்தால் இழுக்காது. காலை எடுத்தால் நின்றுவிடும். ஒரு சனிக்கிழமை வழியில் இரண்டு முறை நின்றது. ஆறு பன்னிரண்டுக்குப் போய்ச் சேர்ந்தார். அடுத்த செவ்வாய் ஆறு இருபத்தைந்து. நாற்காலி போய்விட்டது. மறுநாள் வீங்கிய காலோடு யாரோ வராத இடத்தில் அரைநேரம் உட்கார வைத்தார்கள்.

ஹரிதாஸ் அண்ணன் சென்சாரை மூன்று முறை மாற்றினார். நான் வொர்க்‌ஷாப்புக்கே போய்க் கேட்டேன்.

"மதியானம் கொண்டு வர்றாரு, காடி சிங்கம் மாதிரி ஓடுதுலா. நான் என்னாத்தப் பாக்குறது?"

"காலைலதாண்ணே நிக்குது."

"அப்ப காடிக்குத் தூக்கக் கலக்கம். போய் கோப்பி ஊத்து."

நான் சிரிக்கவில்லை. அவரும் நிறுத்திக்கொண்டார். "இந்த இஞ்சினுக்கு வேற எவன்கிட்டயும் பொருள் இல்ல மா. யார்டுல வெட்டி வெச்ச பழசுதான். சென்சார் மாட்டுற சாக்கெட்டு ஒன்னு வயரோட கெடக்கு. வேணுமா?"

வாங்கிக்கொண்டேன்.

ஈரமான காலையில்தான் கெடுகிறது. ஆகவே ஈரமான காலையில்தான் பார்க்க வேண்டும். காரை வெளியே பனியில் விட்டு வைக்கச் சொன்னேன். ஞாயிறு விடிய ஐந்தரைக்கு மல்டிமீட்டரோடு போனெட்டைத் திறந்தேன். அப்பா சாய டின்னைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து லாம்பு பிடித்தார். கணுக்கால் வீங்கி செருப்பு வார் பதிந்திருந்தது.

"மலரு, ஒங்க ஃபேக்டரில காடியும் பாப்பீங்களா?"

"சிப்புதாம்பா பாப்போம். கரண்டு எங்கயும் ஒன்னுதான்."

"ஹரிதாஸு மூணு சென்சார் மாத்திட்டான். இன்னொன்னு மாத்துனா சென்சாருக்குப் பேரன் பொறந்துரும்."

"லாம்ப ஆட்டாதீங்கப்பா."

கம்ப்யூட்டர் பக்கம் ஐந்து வோல்ட் சரியாக வந்தது. சென்சார் பக்கம் எர்த் வயரில் பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் 0.9. சாக்கெட்டை லேசாக அசைத்தேன், 2.3 ஆனது. எர்த் அறுந்தால், பெடலை முழுக்க மிதித்திருப்பதாகக் கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்ளும். பெட்ரோலைக் கொட்டும். பிளக் நனைந்து இஞ்சின் நிற்கும். மூன்று சென்சார்களும் நல்லவையே. பிரச்சினை சாக்கெட்டுக்குள் இருந்தது.

சாக்கெட்டைச் சுற்றி மஞ்சள் பழுப்பில் ஒரு தோல். எனக்கு உடனே தெரிந்தது. ரப்பர் பால்.

அப்பா எதையும் பாலால்தான் அடைப்பார். என் பள்ளிச் செருப்பு, தண்ணீர்க் குழாய், ஒழுகும் தகரம், ரேடியோவின் உடைந்த மூலை. ஸ்டோரிலிருந்து, சோயா சாஸ் வந்த பழைய கிச்சாப் போத்தலில் கொஞ்சம் கொண்டு வந்து வைத்திருப்பார். கோழி இறகால் இரண்டு பூச்சு, காய்ந்ததும் மூன்றாவது. மழைநீர் படக்கூடாது என்று சாக்கெட்டுக்கும் பூசியிருந்தார். அழகான வேலை. ஒரு குமிழி இல்லை.

நகத்தால் உரித்தேன். உள்ளே செம்புக் கம்பி பச்சையும் நீலமுமாகப் பொரிந்திருந்தது. எர்த் முனை தொட்டவுடன் ஒடிந்தது. பாலில் இருந்த அமோனியா செம்பைத் தின்றுவிட்டது. எங்கள் ஃபேக்டரி லைனில் அமோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் தண்ணீரைக்கூட உள்ளே விடமாட்டார்கள். அது எனக்குத் தெரியும். பாலை உறையாமல் காப்பது அமோனியா என்று மட்டும்தான் அவருக்குத் தெரியும்.

"என்னா? பாலு ஒழுகிருச்சா?" என்று அப்பா கேட்டார்.

லாம்பு வெளிச்சத்தில் அவர் முகத்தைப் பார்த்தேன். வேலையை விட்டு நின்ற பிறகு, தன் கையால் சரியாகச் செய்தது என்று அவர் சொல்லிக்கொள்ள அந்தக் காரைத் தவிர எதுவும் இல்லை.

"இல்லப்பா. பாலு நல்லாதான் இருக்கு. சென்சாருதான் கெட்டுருச்சு. சாக்கெட்டோட மாத்திடுறேன்."

"நான் சொல்லல? பாலு போட்டா பத்து வருஷம் தாங்கும்."

பழைய வயரை வெட்டிவிட்டு யார்டு சாக்கெட்டை ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். டேப் சுற்றினேன். பெடலை மெதுவாக அமுக்கச் சொன்னேன். 0.5-இல் தொடங்கி 4.4 வரை எங்கும் குதிக்காமல் ஏறியது. ஒடிந்த முனையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு பசியாறப் போனேன்.

அதற்குப் பிறகு நாலு மாதம் அப்பா ஒரு நாற்காலியையும் விடவில்லை.

இந்த வருடம் பிப்ரவரியில் சீனப் பெருநாளும் நோன்புப் பெருநாளும் ஒன்றாக வந்தன. ஃபேக்டரியில் சீனரும் மலாய்க்காரரும் லீவு. அந்த நேரத்தில் லைனை ஓட்டுவது எங்கள் ஆட்கள்தான். எனக்குப் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், நாலு நாள் தொடர்ந்து. பெருநாளுக்குள் விழுந்த அந்தச் சனிக்கிழமை, ஜாசின் போகும் வழியில் கார் நின்றது. மணி ஐந்தேகால். சாலையில் டாக்சி இல்லை, லோரி இல்லை. கடைகள் எல்லாம் அடைப்பு. பக்கத்து மலாய்க் கிராமத்தில், கம்பத்தில், பாதி வீடு பூட்டிக் கிடந்தது. அப்பா பிளக்கைக் கழற்றித் துடைத்து, காய வைத்து, மறுபடி மாட்டினார். வெயில் ஏறியதும் கார் ஓடியது. அப்போது எட்டு மணி. வீட்டுக்குத் திருப்பிவிட்டார்.

அம்மா காளியம்மா ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருக்கிறார். எனக்குச் சொல்லி அனுப்பலாமா என்றும் கேட்டிருக்கிறார். அப்பா தடுத்துவிட்டார்.

"அவ மிஷினு முன்னால நிக்கிறா. பயந்துருவா. செவ்வா வந்துரும்லா."

திங்கட்கிழமை காலை பசியாறிவிட்டு எழுந்தவர் கதவைப் பிடித்தபடி சரிந்தார். இதயம் அந்த நாற்காலியில் இருக்கும்போதேகூட நின்றிருக்கலாம் என்று டாக்டர் என்னிடம் சொன்னார். நல்ல மனிதர்.

கருமாதி முடிந்து ஆட்கள் போனபின் போனெட்டைத் திறந்தேன். என் டேப்பைக் காணவில்லை. அந்த இடத்தில் மூன்று பூச்சுப் பால். ஓரத்தில் அவர் பெருவிரல் ரேகை பதிந்திருந்தது. மீட்டரை வைக்காமலே தெரிந்தது. ஆனாலும் வைத்தேன். எர்த்தில் 2.9.

அம்மா பின்னால் வந்து நின்றார்.

"நீ போன மறுநாளே பூசிட்டாரு. நான்தான் லாம்பு புடிச்சேன். மவ செஞ்ச வேல, தண்ணி படக்கூடாதுன்னாரு."

மீட்டரை அணைத்தேன்.

"என்னா கெட்டுப்போச்சு மலரு? அந்த சென்சாரா?"

அதே வார்த்தையை இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது.

"சென்சாரு இல்லமா. பாலுதான். அதுல இருக்குற அமோனியா கம்பிய அரிச்சிருச்சு. போன தடவையும் அதேதான்."

"ஒனக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

அம்மா போனெட்டைச் சாத்தினார். திட்டுவார் என்று நின்றேன்.

"சொல்லியிருந்தா ஒரு வாரம் மூஞ்சியத் தூக்கி வெச்சிருப்பாரு" என்றார். "அவ்ளோதான்."

உள்ளே போய்க் கிச்சாப் போத்தலை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். மூடியைத் திறந்ததும் கண் எரிந்தது. கால்வாயில் கவிழ்த்தேன். நாலு மாதம் ஆகியும் ஒரு சொட்டுக்கூடக் கட்டியாகவில்லை. வெள்ளையாக, கடைசிவரை ஒழுகியது.