தண்ணீருக்காக உயர்த்திய ஜீப்

என் தங்கைக்கு வாரம் இரண்டு முறை சிதம்பரத்தில் டயாலிசிஸ். கடலூர் செம்மண்டலத்தில் இருந்த அவள் வீட்டிலிருந்து காலை ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும். ஒரு மழைக்காலத்தில் ஆலப்பாக்கம் தாண்டிச் சாலையில் தண்ணீர் நின்றது. வாடகைக் கார் பாதி வழியில் திரும்பிவிட்டது. மூன்று நாள் கழித்துப் போய்ச் சேர்ந்தபோது அவளால் படுத்து மூச்சுவிட முடியவில்லை. இன்னொரு தடவை இப்படித் தள்ளிப்போனால் காப்பாற்றுவது கடினம் என்று மருத்துவர் அவள் கணவரிடம் சொன்னார்.

அவர் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருந்தார். நான் அவரை மாப்ள என்பேன். அவர் என்னை மச்சான் என்பார். மருத்துவர் சொன்ன சில வாரங்களில், காடாம்புலியூரில் முந்திரித் தோப்பு வைத்திருந்த ஒருவரிடமிருந்து பழைய டீசல் ஜீப் ஒன்றை வாங்கி வந்தார். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி. அடித்தகடு பாதி துருப்பிடித்திருந்தது.

சித்திரையில் தொடங்கிய வேலை புரட்டாசி வரை ஞாயிற்றுக்கிழமைதோறும் வீட்டு வாசலில் நடந்தது. நான் அப்போது பத்திரிகை வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தேன். ஸ்பானர் எடுத்துக் கொடுப்பதும் ஜாக்கி ஏற்றுவதும் என் பங்கு. வெள்ளம் விட்டுப்போன கறை காம்பவுண்டுச் சுவரில் இருந்தது. மாப்ள எல்லா அளவையும் அதிலிருந்துதான் எடுத்தார். ஸ்பிரிங்கில் கூடுதலாகப் பட்டைகள் சேர்த்து வண்டியை உயர்த்தினார். பெரிய டயர் மாட்டினார். எஞ்சின் காற்று இழுக்கும் வழியில் பிவிசி குழாய் பொருத்தி, அதைக் கூரை வரை கொண்டுபோய், மழை புகாதபடி வாயைக் கீழ்நோக்கி வளைத்தார். இடது கதவுக்கு முன்னால், கண்ணாடியைத் தாங்கும் கம்பத்தில் தங்கைக்காக ஒரு கைப்பிடி வெல்டிங் வைத்தார். உப்புத்தாளால் தேய்த்து, கை வழுக்காமல் இருக்க சைக்கிள் டியூபைச் சுற்றினார்.

ஆயுத பூஜை அன்று வண்டிக்குப் பொட்டு வைத்து, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். முதல் சவாரி அவளுக்கு. கதவைத் திறந்து காலைத் தூக்கினாள். கால் அந்த உயரத்துக்குப் போகவில்லை. கைப்பிடியைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். அதற்கு நீட்ட வேண்டியது இடது கை.

அவளுடைய இடது முன்கையில்தான் இரண்டு ரத்தக் குழாய்களை இணைத்து, ஊசி இறக்க வழி செய்திருந்தார்கள். அந்தக் கையில் வளையல் கூடாது. பை தூக்கக் கூடாது. யாரும் இறுக்கிப் பிடிக்கக் கூடாது. விரல் வைத்தால் ரத்தம் ஓடும் அதிர்வு தெரியும். தினமும் காலையில் கணவரிடம் கையை நீட்டி, "உங்க மோட்டாரு ஓடுதா பாருங்க" என்பாள். "ஓடுது" என்பார்.

ஐந்து மாதம் சுவரை அளந்த நாங்கள், ஏறப்போகிறவளை ஒரு நாளும் வண்டியின் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கவில்லை. தூசி ஆகாது என்று அவளைக் கிட்டே விடவே இல்லை.

"யானைய வாங்கினீங்க, ஏணி வாங்கலையா?" என்றாள்.

மாப்ள சிரிக்கவில்லை. "பட்டைய கழட்டி எறக்கிடறேன்."

"எறக்கினா தண்ணில நின்னுடும். ஏறுறதுக்கு எதுனா படி வைங்க, போதும்."

இரும்புப் படிக்கு அளவெடுத்து வைத்தார். அது முடிவதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. அதுவரை பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு ஏறிக்கொண்டிருந்தாள்.

டயாலிசிஸுக்குப் போக வேண்டிய ஒரு நாள் காலை, வாசலில் முழங்கால் அளவு தண்ணீர். பேருந்துகள் ஓடவில்லை. ஸ்டூலை வைத்தால் மிதந்து நகர்ந்தது. "காலால அமுக்கிக்கிங்க மச்சான்" என்றார் மாப்ள. ஒரு காலால் அமுக்கிக்கொண்டேன். அவர் வண்டிக்குள்ளிருந்து அவள் வலது கையைப் பிடித்து இழுத்தார். அவள் ஏறி நின்றதும் ஸ்டூல் சரிந்தது. பின்னால் சாய்ந்தவளை நான் பிடித்து மேலே தள்ளினேன். அவள் இருக்கையில் உட்கார்ந்த பிறகுதான் என் கை எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். அவளுடைய இடது முன்கையை இறுக்கிப் பிடித்திருந்தேன். அவளும் பார்த்தாள். முந்தானையை இழுத்துக் கையை மூடிக்கொண்டாள்.

ஆலப்பாக்கத்துக்கு அப்பால் தண்ணீர் பம்பர் வரை வந்தது. எஞ்சின் ஒரு முறைகூடத் திணறவில்லை. ஓரம் கட்டி நின்ற லாரிக்காரர் ஒருவர், "என்னா மாமா, வண்டியிலயே அடுப்பு வச்சிருக்கியா, பொகக்கூண்டு நிக்குது?" என்று கத்தினார். மாப்ள அப்போதுதான் சிரித்தார்.

சிதம்பரத்தில், ஊசி போடும் பெண் தங்கையின் கையில் விரல் வைத்துப் பார்த்தாள். இடம் மாற்றி வைத்தாள். பிறகு ஸ்டெதஸ்கோப்பை எடுத்தாள்.

"அக்கா, இந்தக் கைய யாராச்சும் புடிச்சாங்களா?"

நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தேன். மாப்ள கீழே வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தூக்கத்துல கை மேலயே படுத்துட்டேன் போல" என்றாள் தங்கை. என்னைப் பார்க்கவில்லை. நானும் எதுவும் சொல்லவில்லை.

ரத்தம் உறைந்து அடைத்துவிட்டது என்றார்கள். கழுத்தில் குழாய் போட்டு அன்றைய டயாலிசிஸை முடித்தார்கள். இப்படி அடைப்பதற்குப் பல காரணங்கள் உண்டு, ரத்த அழுத்தம் குறைந்தாலும் அடைக்கும் என்று மருத்துவர் பின்பு ஒரு நாள் சொன்னார். நான் யாரையோ பற்றிக் கேட்பதுபோலத்தான் கேட்டிருந்தேன். மார்கழியில் கழுத்துக் குழாய் வழியாகத் தொற்று ஏறியது. பொங்கலுக்கு நான்கு நாள் முன்பு அவள் இறந்தாள். அப்போது தண்ணீர் வடிந்து சாலை நன்றாகக் காய்ந்திருந்தது.

காரியத்துக்கு வந்தவர்கள் ஜீப்பைச் சுற்றி வந்து பார்த்தார்கள். மாப்ள எழுந்து போய் அவர்களோடு நின்றுகொண்டார்.

"பஸ்ஸே போகல அன்னிக்கு. இது போச்சு. ஒரு தடவகூட தவற வுடல நான். கொண்டுபோய் சேத்துட்டேன்."

நெல்லிக்குப்பத்திலிருந்து வந்திருந்த உறவினர் நம்பாமல் சக்கரத்தைப் பார்த்தார். "அவ்ளோ தண்ணிலயா?"

"மச்சான கேளுங்க. கூடவே இருந்தாரு. எல்லாத்தையும் பாத்தாரு."

அவர்கள் என் பக்கம் திரும்பினார்கள். மாப்ளயும் திரும்பினார்.

"ஆமா" என்றேன். "பம்பர் வரைக்கும் தண்ணி."